ஓட்டை விழாத நான்கு பற்கள்

“மேற்பரப்பு உடையாத வெண்புள்ளியைத் துளைக்கக் கூடாது. கூர்முனைக் கருவியால் அழுத்திப் பார்க்கவும் கூடாது. காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.”

எங்கள் கிளினிக்கின் கைநூலில் இப்படி ஒரு விதி இருந்தது. நல்ல விதி. அதே கைநூலில் சில பக்கங்கள் தள்ளி இன்னொன்றும் இருந்தது: “பல்லில் ஓட்டை உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே சிகிச்சை. சிகிச்சை முடிந்ததும் பிள்ளையின் கோப்பை மூட வேண்டும்.” இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை என்று நினைக்கிறேன். சந்தித்திருந்தால், முதல் விதிப்படி மூன்று மாதம் காத்திருக்கும் பிள்ளை இரண்டாம் விதிப்படி எங்கே காத்திருப்பது என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்.

பற்சுகாதாரப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். கருவியை எப்படிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் விளக்கைத் திருப்புவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைக் கல்லூரியில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தந்திருப்பார்கள். கல்லூரியில் சொல்லித் தராத ஒன்றைப் பற்றி, மயூரி என்ற ஒன்பது வயதுப் பிள்ளையின் நான்கு மேல் முன்பற்களை வைத்து எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாகாண அரசு கையில் அகப்பட்ட செலவையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்த காலம். இலங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல் பார்க்கப் படித்திருந்த நான், இங்கே ரொறன்ரோவுக்கு வந்து அதே பாடத்தை மறுபடி படித்து, மறுபடி சோதனை எழுதி, ஸ்காபரோ பகுதியில் பிள்ளைகளுக்கான நகரசபையின் இலவசப் பல் கிளினிக் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெக்ஸ்போர்ட்டில் ஒரு சமூக மையத்தின் பின்பக்க அறைதான் கிளினிக். பிள்ளை சாய்ந்து படுக்க ஒரு கதிரை, ஒரு விளக்கு, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஒரு பல் டொக்டர். அவரும் நம்மவர், என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், மற்ற நாட்களில் பக்கத்து மார்க்கம் நகரில், காசு கட்டிப் பல் பார்க்கும் சொந்தக் கிளினிக் நடத்தியவர். வழக்கமாக என்னை மிஸ் என்பார். வாக்குவாதத்தில் வெல்ல வேண்டுமென்றால் மட்டும் அக்கா என்பார்.

மயூரியை முதலில் செப்டெம்பரில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். பின்கடைவாயில் ஒரு பாற்பல் சொத்தையாகி உடைந்திருந்தது. அந்த ஓட்டையின் தயவால் அவளுக்கு எங்கள் கிளினிக்கில் இடம் கிடைத்தது. பாற்பல்லை டொக்டர் பிடுங்கினார். அதன் பிறகுதான் நான் விளக்கைச் சற்று உயர்த்தி, முன்பற்களைக் காற்றால் உலர்த்திப் பார்த்தேன். புதிதாக முளைத்த நிரந்தரப் பற்கள் நான்கிலும், முரசை, அதாவது ஈறை, ஒட்டி, சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு.

அந்த வெள்ளை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், தெரிந்தவர்கள்தான் இதை மறப்பார்கள். பற்சிப்பி கல்லைப்போல் தெரிந்தாலும் அது கல்லைப்போல் சும்மா இருப்பதில்லை. வாய் புளித்து, அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் அதிலிருந்து கனிமங்கள் கரைந்து வெளியேறுகின்றன. உமிழ்நீர் அந்தப் புளிப்பைத் தணித்த பிறகு அவை திரும்பி வந்து படிகின்றன. போவது கூடி வருவது குறைந்தால் முதலில் தெரிவது இந்த வெள்ளைதான். மேலே மெல்லிய ஓடு இன்னும் நிற்கும், அதன் அடியில் நுண்துளைகள். ஓடு நிற்கும்வரை கனிமம் திரும்பி வரலாம். ஓடு உடைந்தால் அதன் பிறகு துளைகருவிதான்.

மயூரியைக் கிளினிக்குக்குக் கூட்டிவருபவர் அவளுடைய அப்பா சிவநேசன். நகரமையத்தில் ஒரு கட்டடத்துக்கு இரவுக் காவலாளி. காலையில் வேலை முடிந்து சீருடையோடு நேரே வருவார். மனைவி மாலைநேரத் தொழிற்சாலை வேலை என்பதால் பிள்ளையின் பகல் முழுவதும் அவர் பொறுப்பு.

“உது ஓட்டையோ, அக்கா?”

“இல்லை. இன்னும் ஓட்டை இல்லை. ஆனா ஆகலாம். இப்பவே கவனிச்சால் ஆகாமலும் விடலாம்.”

“என்ன செய்யோணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் செய்யிறன்.”

பற்பசை, இரவுத் தீட்டல் எல்லாம் சொல்லி, மேலிடம் அச்சடித்துத் தந்திருந்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தையும் கொடுத்தேன். ஒரு குழு கூடி எழுதி, இன்னொரு குழு கூடிச் சரிபார்த்தது அது. “இனிப்பைத் தவிருங்கள். அடிக்கடி பல் துலக்குங்கள்” என்று பெரிய எழுத்தில் இருந்தது. சிவநேசன் அதை இரண்டாக மடித்துச் சீருடைச் சட்டைப்பையில் வைத்தார். செய்கிறேன் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் செய்வதில்லை. அவர் மற்றப் பாதி.

நவம்பரில் மேலிடத்திலிருந்து அறிவித்தல் வந்தது: வரும் ஜூன் மாத முடிவோடு வெக்ஸ்போர்ட் கிளினிக் மூடப்படும். பணியாளர்களில் சிலர் வேறிடம் மாற்றப்படுவர், சிலர் மாற்றப்படமாட்டார்கள். மாற்றப்படாதவர்கள் என்ன ஆவார்கள் என்பதை எழுதியவர் நாகரிகம் கருதி விட்டிருந்தார்.

டிசெம்பரில், காலடியில் பனி உருகி வழிய, மயூரி மறுபரிசோதனைக்கு வந்தாள். நான் உலர்த்திப் பார்த்தேன். வெள்ளை குறையவில்லை, அகலமாகியிருந்தது. செப்டெம்பரில் வழுவழுப்பாக இருந்த இடம் இப்போது சொரசொரத்தது. டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, பிறகு இறக்கி, பிறகு மறுபடி பார்த்தார்.

“நாலும் போகப்போகுது,” என்றார். “அடைச்சு விடுவம்.”

“ஓட்டை இல்லையே.”

“ஓட்டை வாறதுக்கு எவ்வளவு நேரம், அக்கா?” மிஸ் அக்காவாகிவிட்டது. கூர்முனைக் கருவியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். “இதை வைச்சு ஒருக்கா அமத்தினாக் காணும். ஓடு உடைஞ்சிடும். கருவி சிக்கும். கருவி சிக்கினா கைநூலின்படி அது ஓட்டை. இண்டைக்கே நாலையும் அடைச்சு அனுப்பலாம்.”

அவர் கெட்டவர் இல்லை. அதை நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பிழையான முடிவைச் சொல்பவர் எப்போதும் சோம்பேறியாகவோ பேராசைக்காரராகவோ இருந்தால் நம் வேலை சுலபம். அவர் தொடர்ந்து சொன்னார்: “காத்திருங்கோ எண்டு அனுப்பின பிள்ளையளை நான் பாத்திருக்கிறன். திரும்பி வாறேல்லை. வரேக்கை முகம் வீங்கி, காய்ச்சலோட ஹொஸ்பிற்றலுக்குத்தான் வருவினம். ஜூனுக்குப் பிறகு இந்தக் கதிரை இல்லை. பிறகு ஓட்டை விழுந்தா இவர் எங்கை கொண்டு போவார்? என்ர மார்க்கம் கிளினிக்குக்கோ?”

சிவநேசன் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு முன்னால் பேசலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசைப் பல்செற்றைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். முகம் அப்படியே உள்ளே விழுந்து, ஒரு நிமிடத்தில் அவருடைய தகப்பனைப்போல் ஆகிவிட்டார்.

“பாருங்கோ அக்கா. உவ்வளவும் போகேக்கை இருவத்தெட்டு வயசு எனக்கு. ஊரில சண்டைக்குள்ள பல் டொக்டருக்கு எங்கை போறது? ஓட்டை சின்னனா இருக்கேக்கை அடைக்க ஆளில்லை. அடைக்க ஆள் இருக்கேக்கை ஓட்டை இல்லை எண்டு நீங்கள் நிக்கிறியள்.” பல் இல்லாததால் சொற்கள் காற்றாக வந்தன. “குத்தினா இலவசமா அடைப்பினம் எண்டால் குத்துங்கோவன்.”

கதிரையில் படுத்திருந்த மயூரி, “அப்பா, புட் இட் பாக்!” என்றாள். “ஐயோ, ஆராவது வரப்போகினம்!”

இங்கே நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தகப்பன் சம்மதிக்கிறார். டொக்டர் தயார். உடைந்துவிட்டால் கைநூலும் அதை ஓட்டை என்றே ஏற்கும். குத்திவிட்டால் எல்லோரும் நன்றி சொல்லிப் போவார்கள், எவரும் உங்களைக் கேள்வி கேட்கமாட்டார்கள். கேள்வி கேட்கக்கூடிய ஒரே பொருள் அந்தப் பற்கள். அவற்றுக்கு வாய் இல்லை, வாய்க்குள்தான் இருக்கின்றன.

நான் டொக்டரின் கையிலிருந்து கருவியை வாங்கித் தட்டில் வைத்தேன்.

“ஒன்பது வயசில அடைச்சால், பத்துப் பன்ரெண்டு வருசத்தில அதைக் கழட்டிப் பெரிசா அடைக்கோணும். பிறகு இன்னும் பெரிசா. பிறகு மூடி போடோணும். ஒருக்கா வெட்டினா அது பிறகு பல்லில்லை, பராமரிப்பு. இதுக்கு இப்ப வெட்டு வேண்டாம். மூண்டு மாசத்தில ஏன் கூடினது எண்டு எனக்குத் தெரியோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் குத்த மாட்டினம்.”

“ஏன் கூடினது எண்டோ?” சிவநேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. பல்செற்றை அவசரமாக மாட்டினார். “நீங்கள் தந்த பேப்பர்ப்படிதான் எல்லாம் செய்தனான். வீட்டில சொக்கிலேற் இல்லை. சோடா இல்லை. ஜூஸ் பெட்டியெல்லாம் எடுத்து எறிஞ்சாச்சு. என்ர தேத்தண்ணிக்கே சீனி போடுறேல்லை, பிள்ளை பாக்கும் எண்டு. இன்னும் என்ன செய்ய?”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் புதிராக இருந்தது. பொய் சொல்பவரைத் திருத்துவது எளிது.

மயூரி கதிரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் செய்வதுபோல், தன் பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினாள். மூடினாள். சற்று நேரத்தில் மறுபடி திறந்து ஒரு வாய்.

“உதென்ன குடிக்கிறாய், பிள்ளை?”

“லைம்,” என்றாள்.

“தேசிக்காய்த் தண்ணி,” என்று சிவநேசன் பெருமையோடு திருத்தினார். “உப்பு மட்டும்தான். சீனி ஒரு சிட்டிகை இல்லை. ஜூசுக்குப் பதிலா நானே பிழிஞ்சு குடுக்கிறன். விற்றமின் சி.”

சமூக மையத்தின் முன்பக்கத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அதன் பொறுப்பாளரிடம் போய், தண்ணீரின் அமிலத்தன்மை பார்க்கும் தாள் ஒன்றை வாங்கிவந்தேன். போத்தல் மூடியில் கொஞ்சம் ஊற்றி நனைத்தேன். நிற அட்டையில் கடைசியாக இருந்த நிறத்தையும் தாண்டித் தாள் மஞ்சளாகிவிட்டது. நீச்சல் குளத்துக்கென்று அச்சடித்தவர்கள் தேசிக்காயை எதிர்பார்த்திருக்கவில்லை.

“அப்ப இதில நீந்த ஏலாதோ, மிஸ்?” என்று மயூரி கேட்டாள்.

“இதில நீந்தினா ஆக்கள் ஓடிவந்து குளத்தை மூடுவினம்.”

“பட் ஐ டிரிங்க் இட் ஓல் டே.”

நாள் முழுவதும் என்றால் உண்மையிலேயே நாள் முழுவதும். ரொறன்ரோவில் தமிழ்ப் பிள்ளை வளர்ப்பது காருக்குள் நடக்கும் காரியம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வயலின். அடுத்த நாள் கணக்கு ரியூசன், அதுவும் யூனியன்வில்லில் நல்ல ஆசிரியர் என்று கேள்விப்பட்டு அங்கே. சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, மத்தியானம் பரதம். ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியெல்லாம் பின்சீற்றில் அந்தப் போத்தல். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய். உமிழ்நீர் புளிப்பைத் தணித்து முடிக்கும் முன்னால் அடுத்த வாய். திரும்பி வரவேண்டிய கனிமத்துக்குக் கதவு திறக்கவே இல்லை. இனிப்பிலிருந்து அமிலம் செய்ய வாயிலுள்ள கிருமிகளுக்குச் சற்று நேரம் பிடிக்கும். சிவநேசன் அந்தச் சிரமத்தையும் அவற்றுக்கு மிச்சப்படுத்தி, அமிலத்தை நேராகவே பிழிந்து கொடுத்திருந்தார்.

“வேறை ஏதாவது செய்யிறனீங்களோ?” என்று கேட்டேன்.

“பல்லுத் தீட்டுறது அடிக்கடி. அதுவும் பேப்பர்ல இருந்தது. காருக்குள்ளயே பிரஷ் ஒண்டு வைச்சிருக்கிறன். குடிச்ச உடனை, ரெட் லைற்றில நிக்கேக்கை, நல்லா நாலு இழுவை.”

டொக்டர் கையால் வாயை மூடிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். புளிப்பில் மென்மையான பல்லின் மேல், அது இறுகுவதற்குள், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உலர்ந்த பிரஷ். எக்ளிங்டன் வீதியிலிருந்து யூனியன்வில்வரை எத்தனை சிவப்பு விளக்கு என்று உங்களுக்கே தெரியும்.

சிவநேசனின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. “அப்ப நான்தானோ...” என்று தொடங்கினார்.

“நீங்களில்லை. பேப்பர்ல இனிப்பு எண்டு இருந்தது, புளிப்பு எண்டு இருக்கேல்லை. உங்களை மாதிரி ஒருத்தர் அதை வாசிப்பார் எண்டு எழுதினவை நினைக்கேல்லை. இனி நான் சொல்லுறதைச் செய்வியளோ?”

“குத்தாமல் விட்டு, பிழைச்சா?”

“பிழைச்சா என்னட்டை வாங்கோ. கோப்பில என்ர பேரிலதான் எழுதுறன்.”

டொக்டர் யன்னலிலிருந்து திரும்பினார். “அக்கா, ஆரை வெட்டலாம் எண்டு மேலை பேர் தேடிக்கொண்டிருக்கிறாங்கள். நீங்களே எழுதிக் குடுக்கிறியளோ?”

“எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக் குடுக்கிறன்.”

“சரி. நான் கை வைக்கேல்லை. ஆனா ஜூன்ல நான் சொன்னது நடந்தா, இந்தப் பிள்ளையின்ர முகத்தை நீங்கள்தான் பாக்கோணும்.” அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. சொல்லவேண்டியது என்பதால் சொன்னார். அதற்காக இன்றுவரை அவரை மதிக்கிறேன்.

நான் சொன்னது சுருக்கமானது. தேசிக்காய்த் தண்ணி வேண்டுமென்றால் சோற்றோடு, ஒரே தடவையில். காருக்குள் வெறும் குழாய்த் தண்ணி, வேறெதுவும் இல்லை. காரிலுள்ள பிரஷ் குப்பைக்கு. காலையிலும் படுக்கைக்குப் போகும்போதும் மட்டும் ஃபுளோரைட் பற்பசையால் தீட்டி, துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் விடவேண்டும். கிளினிக்கில் நான் ஃபுளோரைட் ஜெல் வைப்பேன். உமிழ்நீருக்கு நேரம் கொடுங்கள், மிச்சத்தை அது பார்க்கும் என்றேன்.

பிள்ளையிடம் சொன்னது வேறு: “உன்ர பல்லு இப்ப ரிப்பெயர்ல இருக்கு. வேலை நடக்கேக்கை உள்ளுக்கை ஒண்டும் ஊத்தக் கூடாது.” அது அவளுக்குப் பிடித்துப்போனது. பரத வகுப்பில் யாரோ ஓர் அன்ரி ஜூஸ் பெட்டி நீட்டியபோது, “சொறி அன்ரி, அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன்” என்று வாயைப் பொத்திக்கொண்டாளாம். சிவநேசன் பிறகு சொல்லிச் சிரித்தார்.

இனி, கல்லூரியில் சொல்லித் தராத பகுதி.

பாற்பல் பிடுங்கியாகிவிட்டது, அந்த இடம் ஆறியதா என்று பார்க்க டிசெம்பர்வரை திறந்திருந்த கோப்புக்கு இனி அந்தக் காரணமும் இல்லை. ஓட்டை இல்லை. ஆகவே கைநூலின்படி அவளுடைய கோப்பை நான் அன்றே மூட வேண்டும். மூடினால் ஜெல் இல்லை, மறுபரிசோதனை இல்லை. திறந்து வைத்தால் விதி மீறல். கைநூலை முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை படித்திருந்தவள், ரொறன்ரோவில் அநேகமாக நான் ஒருத்திதான். கடைசிப் பக்கங்களில், யாரும் போகாத ஓர் இடத்தில், இப்படி இருந்தது: “மேலிடத்தின் முடிவுக்காக அனுப்பப்பட்ட கோப்பை, பதில் கிடைக்கும்வரை மூடக் கூடாது.”

ஆகவே மேலிடத்துக்கு எழுதினேன். ஓட்டை இல்லாத இந்தப் பிள்ளையின் கோப்பை, பற்சிப்பி இறுகும்வரை திறந்து வைக்க அனுமதி வேண்டும். காரணம் இது, ஆதாரம் இது, துளைக்காமல் விட்ட முடிவு என்னுடையது. ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. முறைப்படி முத்திரையிட்டு, முறைப்படி அனுப்பினேன். அதன்பின் என் வாழ்க்கையில் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தேன். பதில் என்னாயிற்று என்று கேட்கவே இல்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று விளங்கும். பதில் வராத எதையும் மூன்றாம் நாள் தொலைபேசியில் துரத்துபவள் நான். டொக்டரே ஒருநாள், “எடுத்துக் கேளுங்கோவன், அக்கா” என்றார். “கேட்டா சொல்லிப்போடுவினம்,” என்றேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெப்ரவரியில் மேற்பார்வையாளர் வந்தார். மூடப்போகும் கிளினிக்கில் எத்தனை கோப்புகள் திறந்திருக்கின்றன என்று எண்ணிப்பார்க்க வந்தவர். நல்ல குளிர்க்கோட்டு, நல்ல சப்பாத்து. மயூரியின் கோப்பில் கை நின்றது.

“இதில் ஓட்டை இல்லையே. ஏன் திறந்திருக்கிறது?”

“பதில் வரவேண்டும்.”

“யாரிடமிருந்து?”

“உங்களிடமிருந்து.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கைநூலின் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். “போனதும் பார்க்கிறேன்” என்று சொல்லித் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நாட்களை எண்ணிக்கொண்டு போனேன். அவர் உண்மையிலேயே பார்த்துவிட்டால் அடுத்த வாரமே கோப்பு மூடப்படும். மயூரியின் பற்கள் அப்போது பாதிவழியில் நின்றன. சொரசொரப்பு குறைந்திருந்தது, ஆனால் நம்பும்படி இல்லை. பாதியில் விட்டால் டொக்டர் சொன்னது சரியாகிவிடும், குத்தியிருக்கலாம் என்று நானே நினைக்கவேண்டி வரும்.

அடுத்த வாரம் கடந்தது. அடுத்த மாதமும் கடந்தது. ஆட்களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் பதில் எழுதுபவரையும் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதக் கடைசிச் செவ்வாய். அலமாரிகள் வெறுமையாகிவிட்டன. கதிரையை அகற்ற ஆட்கள் மாலையில் வருவதாக இருந்தது. காலையில் கடைசி ஆளாக மயூரி. சிவநேசன் இரவுவேலை முடிந்து, கண் சிவந்து, சுவரோரம் அதே இடத்தில் நின்றார். நான் உலர்த்திவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். டொக்டர் குனிந்தார்.

வெள்ளை முழுதாகப் போகவில்லை. போகாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் மூன்று பற்களில் சுண்ணாம்பு மங்கல் மறைந்து, கண்ணாடிபோல் ஒரு பளபளப்பு. டொக்டர் கருவியின் கூர்முனையைத் தவிர்த்து, அதன் பக்கவாட்டை மெல்ல ஓட்டினார். எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. நான்காவது பல்லில், ஓரத்தில், இன்னும் கொஞ்சம் மங்கல்.

“மூண்டு இறுகியிட்டுது,” என்றார். “நாலாவது இன்னும் யோசிக்குது.”

“அதுக்கு இன்னும் மூண்டு மாசம் வேணும்.”

“கிளினிக் இண்டைக்கு மூடுது, அக்கா.”

“கிளினிக் மூடுது. கோப்பு மூடேல்லை. பதில் வரேல்லையே.”

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “மார்க்கத்தில என்னட்டை இப்பிடி ஒரு பெடியன் வாறவன், அடுத்த கிழமை அடைக்கிறதெண்டு நாள் குடுத்திருக்கிறன். அவனுக்கு என்ன குடிக்கக் குடுக்கினம் எண்டு முதல்ல கேக்கோணும்,” என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான். போதுமானது.

சிவநேசன் பிள்ளையின் மேலுதட்டைத் தன் பெருவிரலால் தூக்கி, யன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். “மினுங்குது” என்றார்.

வெட்டப்படுபவர்களின் பட்டியலில் என் பெயர் இருக்கவில்லை. என்னை ஸ்காபரோவின் இன்னொரு கிளினிக்குக்கு மாற்றினார்கள். மேலிடத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் கோப்பு என்பதால் மயூரியின் கோப்பும் என்னோடு வந்தது. ஒக்ரோபரில் அங்கே அவளை உட்கார்த்தி உலர்த்திப் பார்த்தேன். நான்காவது பல்லும் யோசித்து முடித்திருந்தது. அன்று, கைநூல் சொன்னபடி, “காரணம் நீக்கப்பட்டது, பற்சிப்பி இறுகியது, துளைக்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

குறுக்குவழி என்று சிலர் இதைச் சொன்னார்கள். இல்லை. நான் எதையும் ஒளிக்கவில்லை, எந்த விதியையும் உடைக்கவில்லை. செய்யக்கூடாததைச் செய்ய மறுத்தேன், செய்யவேண்டியதற்கு நேரம் தேடினேன். பற்சிப்பிக்குத் தேவையானதும் அதுதான்: புளிப்பு நிற்கவேண்டும், நேரம் வேண்டும். உங்கள் மேசைக்கும் ஒருநாள் ஒரு தகப்பன் வருவார், குத்துங்கோவன் என்பார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். அப்போது கருவியைத் தட்டில் வையுங்கள். பிறகு கைநூலைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள்.

மேலிடத்தின் பதில் மூன்று வரிகளில் இருந்தது. கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, ஓட்டை இல்லாத பற்களுக்காகக் காத்திருக்க அனுமதி வழங்க இயலாது, வெக்ஸ்போர்ட் கிளினிக்கில் பிள்ளையின் கோப்பை உடனடியாக மூடவும். அது வந்து சேர்ந்த நாள், நான்காவது பல்லும் இறுகி ஒரு மாதம் கழிந்த, நவம்பர் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை.